ஒயர் சித்தப்பா

லேப்டாப்பில் பாட்டு ஓடுகிறது, ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்றால் நம் வீடுகளில் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட அவகாசமும் கிடைப்பதில்லை. "என்ன, சத்தம் வரலியா?" என்றபடி பந்தியில் பாதி மோர் சாதத்தை விட்டுவிட்டு ஒருவர் எழுந்து வந்துவிடுவார். அவர்தான் ஒயர் சித்தப்பா. சில வீடுகளில் இவர் பெரியப்பா, சில வீடுகளில் மாமா, ஃபிளாட்டுகளில் அசோசியேஷன் செக்ரெட்டரி. உறவுமுறை மாறும், சட்டைப் பையில் செருகிய டெஸ்டர் மாறாது.

ஸ்பீக்கரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நோய் இன்னதென்று அவருக்குத் தெரியும். "ஒயர்ல லூஸ் கான்டாக்ட்." சுவரில் சுவிட்சே போடாமல் இருந்தாலும் ஒயரில் லூஸ் கான்டாக்ட்தான். ஸ்பீக்கர் குமிழ் பூஜ்யத்தில் நின்றாலும் அதேதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்காருவார். லேப்டாப்பில் செருகியிருக்கும் பின்னின் கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். இடப்பக்கம் ஒரு திருகு, வலப்பக்கம் ஒரு திருகு, மேலே ஒரு தூக்கு. ஸ்பீக்கர் 'கர்ர்ர்' என்று ஒருமுறை கனைக்கும். "ஆங்! பாத்தியா? உயிர் இருக்கு!"

எங்கள் குடும்பத்துச் சித்தப்பாவுக்கு இந்த அதிகாரம் சும்மா வந்ததல்ல. டெலிபோன்ஸில் லைன்மேனாகச் சேர்ந்து, இலாகா பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் அங்கேயே வேலை பார்த்து, 2020-இல் விருப்ப ஓய்வில் வந்தவர். டிரங்க் கால் காலத்து எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் ஓட்டைக்கு ஓட்டை பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்களே, கால் அங்குலத் தடிமனில் ஒரு பின், அதன் பேரன்தான் இன்றைய ஸ்பீக்கரில் இருக்கும் மூன்றரை மில்லிமீட்டர் பின். 1979-இல் சோனி வாக்மேன் வந்தபோது உலகமெல்லாம் இந்தப் பேரன் புகழ் பரவியது. இந்த வம்சாவளியைச் சித்தப்பா ஒப்பிக்கும் தொனியைக் கேட்டால் அந்தப் பின்னுக்குக் காது குத்தியதே இவர் மடியில் வைத்துத்தானோ என்று தோன்றும். 2016-இல் ஐபோன் 7-இல் அந்த ஓட்டையை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று சித்தி சொல்கிறாள். ப்ளூடூத் என்றாலே அவருக்கு ஆகாது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ராஜாவின் பட்டப்பெயர் அது என்று யாரோ சொல்லப்போக, "அதான் பாட்டு இவ்ளோ லேட்டா வருது" என்றார்.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். பாதி நேரம் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கர் ஒயர் எங்கே அறுகிறது? நடுவில் அறுவதே அபூர்வம். பின்னை ஒட்டிய கழுத்தில்தான். தினமும் அங்கேதான் மடிகிறது; உள்ளே இருக்கும் மயிரிழைச் செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, வெளியே ரப்பர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பின்னில் இரண்டு கறுப்பு வளையம் போட்டிருப்பதைக் காட்டிச் சித்தப்பா பாடம் எடுப்பார்: "நுனி இடது ஸ்பீக்கர், நடு வலது ஸ்பீக்கர், அடி எர்த்து. மூணு வளையம் இருந்தா மைக்கும் சேர்ந்திருக்குன்னு அர்த்தம்." ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஊமையானால் எந்தக் கம்பி என்று பார்க்காமலே சொல்வார். பிளேடால் ரப்பரைச் சீவி, கம்பியைப் பல்லால் கடித்து முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி எழுந்தால், அடுத்த பொங்கல் வரை கவலையில்லை.

அவர் வித்தையிலேயே உச்சம், ஒரு பழைய பாட்டில் எஸ்.பி.பி.யைக் காணாமல் அடித்ததுதான். ஆட்டி ஆட்டிப் பின் பாதி வெளியே வந்துவிட்டது. சத்தம் வருகிறது, இளையராஜா இருக்கிறார், வயலின்கள் கிணற்றுக்குள்ளிருந்து இழைகின்றன, பாடுகிறவர் மட்டும் இல்லை. எர்த்து விலகிவிட்டால் இப்படி ஆகும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, நட்ட நடுவில் பதிவான குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். இரு பக்கமும் வேறுபடுகிற வாத்தியங்கள் மட்டும் மிஞ்சும். பின்னை முழுதாக அழுத்தினால் பாடகர் திரும்பிவிடுவார். சித்தப்பா அழுத்தவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "யாராவது பாடறீங்களா? கரோக்கி ரெடி" என்றார். அத்தை பாடிவிட்டாள். அதன் பலனை இங்கே எழுத வேண்டாம்.

பழைய செல்போன் காலத்தில் அவருக்கு ஜோசியர் அந்தஸ்தே இருந்தது. ஸ்பீக்கர் 'டிட்டிட் டிட்டிட்' என்று துடித்ததும், "போன் வருது பாரு" என்பார். அடுத்த நொடி யாருடைய போனாவது அடிக்கும். பெரியவர்கள் வாயடைத்துப் பார்ப்பார்கள். போன் விடுகிற அலையை ஸ்பீக்கர் ஒயர் ஏரியல் மாதிரி வாங்கிக்கொள்கிறது என்ற உண்மையை அவர் யாருக்கும் சொல்லவில்லை. 4ஜி வந்து துடிப்பு நின்றபோது அந்தத் தொழில் போயிற்று.

இரைச்சல் விஷயத்திலும் அவர் புலிதான். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால், நேரே போய் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குவார். ரீங்காரம் நின்றுவிடும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், சார்ஜர் எர்த்துக்கும் ஸ்பீக்கர் எர்த்துக்கும் நடுவே சுற்றி வந்து போடும் சத்தம் அது. எல்லோரும் கைதட்டுவார்கள். சார்ஜரைத் திரும்பச் செருக மாட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, நலங்கின் நடுவில், லேப்டாப் படுத்துவிடும். "பேட்டரி வீக்கு. அது என் டிபார்ட்மெண்ட் இல்ல."

டிபார்ட்மெண்ட் என்ற சொல்லில்தான் அவருடைய மொத்த உலகமும் அடங்கியிருக்கிறது. கைக்கு எட்டுவது அவருடையது. திரையில் தெரிவது அவருடையதல்ல. டிவி மண்டையில் தட்டினால் படம் வந்த காலத்தில், ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஆள் ஏற்றிய காலத்தில் வளர்ந்தவர். கோளாறு என்றால் தொட முடிகிற பொருளாக இருக்க வேண்டும். ஒரு பட்டியலில் தப்பான பெயர் தேர்வாகியிருப்பதால் வீடு முழுக்க நிசப்தம் என்பதை அவர் மனசு ஏற்பதில்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் விருந்தாளிகளுக்குப் பாட்டு வேண்டுமே.

மடிப்பாக்கத்தில் மாமாவின் அறுபதாம் கல்யாணம். பழைய போட்டோக்களைப் பாட்டோடு ஓட்ட ஏற்பாடு. லேப்டாப்பிலிருந்து டிவிக்கு ஹெச்.டி.எம்.ஐ. ஒயர், பக்கத்தில் ஸ்பீக்கர். படம் வருகிறது, பாட்டு இல்லை. சித்தப்பா தரையில் அமர்ந்தார். அப்போது ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி மாப்பிள்ளையும் களத்தில் இறங்கினார். அவருக்கு ஒயர் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. "டிரைவர் இஷ்யூ" என்றார். பந்திக்கு வந்த கார் டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை ரியல்டெக் டிரைவரை நீக்கினார், மறுபடி ஏற்றினார், ரீஸ்டார்ட் கொடுத்தார். லேப்டாப் அப்டேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

"கையை எடுங்க சித்தப்பா, சிஸ்டம் ஏறட்டும்."

"உங்க சிஸ்டம் ஏறட்டும் மாப்ள. நான் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

லேப்டாப்புக்குச் சொந்தக்காரி கல்லூரியில் படிக்கும் அக்கா பெண். டிவியைச் சொருகினால் சத்தமும் தானாக டிவிக்குத்தான் போகும் என்று அவள் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். டிவியையோ, புரோகிதர் வந்ததும் மியூட்டில் போட்டிருந்தார்கள். அப்டேட் முடிந்ததும் அவள் உள்ளே வந்து, திரையின் வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, டிவியின் பெயரிலிருந்து ஸ்பீக்கரின் பெயருக்கு மாற்றினாள். நாகஸ்வரம் கூரையைப் பிளந்தது. ஆனால் அந்த நொடியில் சித்தப்பாவின் இரண்டு விரல்களும் ஒயரின் கழுத்தில் இருந்தன. சட்டப்படி வெற்றி அவருக்கே.

"அப்படியே இருக்கட்டும். யாரும் தொடாதீங்க" என்று பத்திரிகையை நாலாக மடித்துப் பின்னுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது, பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடக் கூடாது என்று நிபந்தனைகள் வேறு. சாயங்காலம் வரை அந்த மேஜைக்கு உற்சவர் மரியாதை.

அவர் வீட்டில் பாட்டு எப்படி என்று ஒருநாள் சித்தியிடம் கேட்டேன். பரணில் அட்டைப்பெட்டி நிறைய ஸ்பீக்கர்கள், எல்லாமே 'சின்ன வேலை பாக்கி' நிலையில். சித்தி கேட்பது, பழைய பாட்டுகளை உள்ளேயே அடைத்து விற்கிறார்களே, அந்தப் பெட்டியில். "இதுல ஒயரே கிடையாது. அதான் இன்னும் பாடுது" என்றாள்.

போன வாரம் அந்தப் பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருப்பதைச் சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார்.