ஆறு பேருக்கு இடம்

தொலைநோக்கி வாங்குகிறவன் முதலில் நீளத்துக்குக் காசு கொடுக்கிறான். பிறகு அந்த நீளத்தைக் குறைக்கத் தனியாகக் காசு கொடுக்கிறான். பேன்ட் எடுத்த கையோடு தையற்கடையில் கால் குறைக்கக் கொடுப்போமே, அதேதான். என்னிடம் இருக்கும் எட்டங்குல ஷ்மிட்-காசெக்ரெய்னின் குவியத் தூரம் 2032 மில்லிமீட்டர், எஃப்/10. அதன் முதுகில் திருகி மாட்டும் 0.63 ஃபோகல் ரெடியூசர், உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு வளையம், அதை 1280 ஆக்கிவிடும். வளையத்தின் விலையை வீட்டில் சொல்லவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

இது அவசியமா என்றால், தைப்பூசத்தன்று வந்து பாருங்கள். ஊரே தண்ணீர்மலைக்குப் போயிருக்கும். பாயான் லெப்பாஸில் எங்கள் தாமானுக்கு மேலே பௌர்ணமி நிலா கேட்பாரற்றுக் கிடக்கும். நிலாவின் அகலம் அரை டிகிரி. 2032-ல் என் கேமராவுக்குள் அடங்கும் வானத்தின் உயரமோ 0.42 டிகிரிதான். படத்தில் நிலாவுக்கு நெற்றியும் இருக்காது, முகவாயும் இருக்காது. ரெடியூசரை மாட்டினால் 0.67; முழு நிலாவும் சௌகரியமாக உட்கார்ந்துவிடும்.

மங்கலான நெபுலாக்களில் இன்னொரு லாபம். ஐந்து நிமிடம் கேட்ட படம் இரண்டே நிமிடத்தில் முடியும். தொலைநோக்கி பிடிக்கும் வெளிச்சம் கூடிவிடவில்லை. அதே வெளிச்சம் சின்ன இடத்தில் நெருக்கி விழுகிறது, அவ்வளவுதான். இங்கேதான் எங்கள் ஊர் தன் வேலையைக் காட்டும். 1972-ல் சுதந்திர வாணிப வட்டாரம் வந்ததிலிருந்து இங்கே இரவு ஷிஃப்ட்டுக்கு ஓய்வில்லை. உலகத்துக்கு எல்.இ.டி. செய்து அனுப்பும் ஆலைகளும் உண்டு. மிஞ்சியதையெல்லாம் எங்கள் தெருவிலேயே மாட்டிவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நெபுலா இரண்டரை மடங்கு வேகமாகப் பதிந்தால் தெருவிளக்கும் இரண்டரை மடங்கு வேகமாகத்தானே பதியும்? போதாததற்கு விமான நிலையம் வேறு. வானத்தை அகலமாக்கினால் நட்சத்திரம் மட்டுமா வரும், கோலாலம்பூர் விமானமும் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வரும்.

ரெடியூசருக்கும் சென்சாருக்கும் நடுவே 105 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது பிசகினால் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும். நான் ஸ்கேலை எடுத்ததும், சில்லு ஆலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“தம்பி, நாங்க மைக்ரான்லே பேசுறவங்க. 105 மில்லிமீட்டர்னா எங்களுக்கு இங்கேருந்து பட்டர்வொர்த்து போற தூரம்லா.”

காலிப்பரைக் கொண்டுவந்து, வளையம் வளையமாகச் சேர்த்து, 105.2-ல் நிறுத்தினார். அந்த 0.2 அவரை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

கேமராவைக் கழற்றிவிட்டு 32 மில்லிமீட்டர் ஐபீஸ் வழியாகக் கண்ணால் பார்ப்பது எனக்கு இதைவிடப் பிடிக்கும். ரெடியூசர் இல்லாமல் முக்கால் டிகிரி வானம், இருந்தால் 1.2. கார்த்திகையின் பிரகாசமான ஆறு நட்சத்திரங்களும் ஏறக்குறைய ஒரு டிகிரிக்குப் பரவி நிற்பவை. முன்பெல்லாம் அம்மாவுக்குக் காட்டினால், “எல்லாரும் இல்லையே, மத்தவங்களை எங்கேடா?” என்று நான்தான் ஒளித்துவைத்த மாதிரி கேட்பார். இப்போது ஆறு பேரும் ஒரே வட்டத்துக்குள். சுற்றிலும் பொடிப்பொடியாக இன்னும் பல நட்சத்திரங்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஆறு பேருன்னு சொன்னே, இங்கே ஒரு கூட்டமே நிக்குது.”

“சின்னதெல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரியாதும்மா.”

“அது கிடக்கட்டும். இத்தனை பொம்பளைங்க நிக்கிறாங்களே, பிள்ளை யார் கையிலே?”