தூக்கும் மூடியும்: முருங்கைக்காய்ப் பொருளாதாரம் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

கருதுகோளை முதலில் சொல்லிவிடுவது ஆய்வு மரபு. கொல்லையில் முருங்கை மரம் நிற்கும் குடும்பம் முருங்கைக்காய் விலைக்கு வாங்குவதில்லை. ஆனால் அந்த மரத்தால் அதன் மாதச் செலவு குறைவதும் இல்லை. மரம் காய்க்கிறது. காய் மதில் தாண்டிப் போகிறது. போன இடத்திலிருந்து வேறொன்று வருகிறது; வந்ததற்குப் பதிலாக மறுபடி ஒன்று போகிறது. மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் என்று எதுவும் தேறுவதில்லை. அதற்காக அந்த வீட்டில் யாரும் எதற்கும் குறைப்பட்டதாகவும் தெரியவில்லை. இந்த முரண்பாட்டை ஆராய அறிஞர் பெருமக்கள் எவரும் முன்வராத நிலையில், பொறுப்பு ஆய்வாளர் தலையில் விழுந்தது.

ஆய்வுப் புலம், கும்பகோணத்தை ஒட்டி, அரசலாற்றங்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு தெரு. இருபுறமும் வீடுகள், வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால். மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12இல் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும். திறக்காத வருடத்தில் பாத்திரம் கழுவும் தண்ணீரை நம்பித்தான் வாழை குலை தள்ளும். ஆய்வாளர் இதே தெருவில் குடியிருப்பதால் பங்கேற்பு உற்றுநோக்கல் என்ற முறை கையாளப்பட்டது. அதாவது, திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

முன்னோடிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. அரசாங்கப் பணத்தைக் கையாடுவதற்கு நாற்பது வழிகள் இருப்பதாகக் கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் எண்ணி வைத்திருக்கிறார். துவரம்பருப்பு டப்பாவுக்குள்ளிருந்து மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று முளைப்பது அந்த நாற்பதில் எதில் சேரும் என்று அவர் சொல்லவில்லை. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்ற துறவி இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி அச்சில் ஏற்றினார். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது அவர் கட்சி. நம் வீடுகளில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு பேச்சு உண்டு. 1857இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர், வருமானம் ஏற ஏற அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்றார். அவர் சொன்னதை நம் நாட்டின் 2022-23ஆம் ஆண்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பும் மறுக்கவில்லை: கிராமங்களில் மொத்தச் செலவில் சாப்பாட்டின் பங்கு சுமார் 46 சதவீதம், நகரங்களில் 39. தமிழ்நாட்டில் தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய் என்கிறது அதே கணக்கு. எங்கள் தெரு எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல். குப்பை வண்டி வருவதைப் பார்த்தால் நகரம். வாசலில் நின்று குரல் கொடுத்தால் மூன்றாம் வீட்டிலிருந்து பதில் வருவதைப் பார்த்தால் கிராமம்.

இந்த மாதிரிக் கணக்கெடுப்புக்கென்று சில மதிப்பீட்டு விதிகள் இருக்கின்றன. ஆய்வாளருக்குப் புதையல் கிடைத்தது அங்கேதான். வீட்டில் விளைந்ததைச் சாப்பிட்டால் அதற்கு விளைந்த இடத்து விலை. அன்பளிப்பாக வந்ததற்கும், சும்மா பறித்துக்கொண்டு வந்ததற்கும் உள்ளூர்ச் சில்லறை விலை. ஆக, நம் கொல்லைக் காயை நாமே தின்றால் மதிப்புக் குறைவு. அதே காய் மதில் தாண்டி அடுத்த வீட்டு அடுப்பில் ஏறினால் மதிப்புக் கூடுதல். காய்க்கு ஒன்றும் செய்யாமலே அதன் மதிப்பைக் கூட்டும் தொழிற்சாலை ஒன்று உண்டென்றால், பாசி படிந்த எங்கள் மதில்தான் அது. இன்னொரு விதி இதைவிடச் சுவையானது. சமைத்துக் கொடுத்த சாப்பாடு, சமைத்த வீட்டின் செலவிலேயே சேரும். காயாகக் கொடுத்தால் வாங்கியவர் தின்றதாகக் கணக்கு. குழம்பாக்கிக் கொடுத்தால் கொடுத்தவர் தின்றதாகக் கணக்கு. எதிர்வீட்டு அக்கா நாங்கள் கொடுத்த காயிலேயே சாம்பார் வைத்து எங்களுக்கு ஒரு கிண்ணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வயிறாரச் சாப்பிட்ட அந்தச் சாம்பாரை, சர்க்கார் கணக்குப்படி சாப்பிட்டவர்கள் அவர்கள்தான். ஏப்பம் மட்டும் எங்களுடையது.

இனி மரம். விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கிற பி.கே.எம்.1 ரகம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்தது. அது ஏக்கர் கணக்கில் தோப்புப் போடுகிறவர்களுக்கு. எங்கள் தெருவில் இருப்பவை போத்து வைத்து வந்த பழைய மரங்கள். முருங்கைக் கட்டைக்கு வலு கிடையாது. ஐப்பசிக் காற்றுக்கு ஒரு வீட்டில் கிளை முறிந்தால், நாலு வீட்டிலிருந்து போத்து கேட்டு வந்துவிடுவார்கள். அதனால் தெருவில் நிற்கும் மரங்களெல்லாம் ஒன்றுக்கொன்று பங்காளிகள். பூப்பதும் ஒன்றாக, காய்ப்பதும் ஒன்றாக. சித்திரை, வைகாசியில் தொரட்டியை எடுத்தால் வைக்க முடியாது. சந்தையிலும் அப்போது முருங்கைக்காயைக் கேட்பாரில்லை. மார்கழியில் சந்தையில் கிலோ விலை மூன்றிலக்கத்தில் நின்று முறைக்கும். அன்றைக்கு மரத்தை அண்ணாந்து பார்த்தால் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டிருக்கும், காய் இருக்காது. அதை ஒழிக்கப் பந்தம் கட்டின வகையில் பழைய வேட்டி ஒன்று போனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

விளைச்சல் காலத்தில் மரமில்லாத வீடுகளுக்குத் திடீர் மவுசு வந்துவிடுகிறது. மரமுள்ள நாலு வீட்டுக்காரர்களும் அங்கேதான் போயாக வேண்டும். விடிந்ததும் போகிறவருக்கே வாய்ப்பு. கொஞ்சம் தாமதித்தால், “இப்பத்தான் கோடிவீட்டு அத்தை ஒரு கட்டு குடுத்துட்டுப் போறாங்க” என்று முகம் வாடாமல் சொல்வார்கள். சொல்லிவிட்டு நம்முடையதையும் வாங்கிக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்வது வழக்கத்தில் இல்லை. வாங்கியதை அவர்கள் டியூஷன் டீச்சருக்கு அனுப்புவார்கள். டீச்சர் வீட்டு மரம் எங்கள் மரத்தின் தாய்மரம் என்பது வேறு விஷயம். இதில் இன்னொரு நாசூக்கும் உண்டு. 1983இல் முந்தானை முடிச்சு படம் வந்ததிலிருந்து, புதிதாகக் கல்யாணமான வீட்டுக்கு முருங்கைக்காய்க் கட்டோடு போகும் பெரியவர், தமக்கு இதில் வேறெந்த உட்கருத்தும் இல்லை என்பதை முகத்தில் காட்டியாக வேண்டியிருக்கிறது. மருந்து மாத்திரை வாங்கப் போகிறவர்போல் முகத்தை வைத்துக்கொள்வது நல்லது.

காய் மஞ்சப்பையில் போகும். பதில் பாத்திரத்தில் வரும். பெரும்பாலும் எவர்சில்வர் தூக்கு. ஆய்வின் மையம் இதுதான்: வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை மீறியவர் எங்கள் தெருவில் இல்லை. “கழுவிக் காய வெச்சிருக்கே, குடுத்துட்டு வந்துடட்டுமா?” என்று ஆய்வாளர் ஒரு நாள் தூக்கைக் கையில் எடுத்தார். அவருடைய துணைவியார் அடுப்படியிலிருந்தே தீர்ப்பளித்தார்: “வெறும் தூக்கையா? நல்லாத்தான் இருக்கும். இருங்க, நார்த்தங்கா ஊறுகா ரெண்டு கரண்டி வெக்கிறேன்.” ஊறுகாய் இல்லாத நாளில் அதிரசம், அதுவும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழம். ஒன்றுமே அகப்படாத கடைசிக் கட்டத்தில் ஒரு பிடி சர்க்கரை. அதற்குக் கீழே போக வழியில்லை. உப்பு வைக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு தயிர் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமையென்றால் இன்னும் சில உபவிதிகள். அவற்றை முழுதாக அறிந்தவர் எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர்தான், அவரும் வருடத்துக்கு ஒன்றைப் புதிதாகச் சேர்க்கிறார் என்பது ஆய்வாளரின் சந்தேகம்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடையைப் பற்றி எழுதியபோது மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது. நான்காவதை விட்டுவிட்டார். துலக்குவது. துலக்கி வந்த பாத்திரத்தை அதைவிடப் பளபளப்பாகத் துலக்கித் திருப்ப வேண்டும். இந்தப் போட்டியில் சில தூக்குகளின் மேல் வெட்டியிருக்கும் பெயர் தேய்ந்தே போய்விட்டது. பாத்திரக் கடையில் கரகரவென்று மெஷின் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்களே, அந்தப் பெயர். எங்கள் அலமாரியில் இருக்கும் ஒன்றில் கல்யாணத் தேதி தெளிவாக இருக்கிறது. மாப்பிள்ளை பெயரில் கடைசி இரண்டெழுத்து மட்டும் மிச்சம். யார் வீட்டுக் கல்யாணம் என்பது துணைவியாருக்கும் நினைவில்லை. ஆனாலும் அதைப் பயன்படுத்துவதில்லை. “கேட்டு வந்தா குடுக்கணுமே.”

எப்போது திருப்புவது என்பதும் ஒரு கலை. வாங்கிய கையோடு திருப்பிச் செய்வது, வந்த கொடையை மறுப்பதற்குச் சமம் என்று பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எங்கள் தெருவுக்கு அவர் வந்திருந்தால் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம். அன்றைக்கே தூக்கு திரும்பி வந்தால், “ஏன், அவ்வளவு அவசரமாமா?” என்பார்கள். ஒரு மாதம் கழிந்தால், “அங்க கேட்டுப் பாரு, மறந்திருப்பாங்க” என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல நாள் இருக்கிறது. அது எது என்பதை ஆண்களால் கண்டுபிடிக்க இயலாது.

மாலை நடை இந்த ஏற்பாட்டின் உளவுத்துறை. வெயில் தாழ்ந்ததும் அரசலாற்றங்கரையில் கணவனும் மனைவியுமாக நடப்பது சர்க்கரைக்காக என்று ஆய்வாளர் வெகுநாள் நம்பியிருந்தார். உண்மையில் அது கள ஆய்வு. எந்தக் கொல்லையில் எலுமிச்சை பிஞ்சு விட்டிருக்கிறது, எந்த வீட்டு வாழை தார் சாய்ந்திருக்கிறது, எந்த வேலியில் பிரண்டை துளிர்த்திருக்கிறது என்பதெல்லாம் துணைவியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிரகித்துவிடுகிறார். வரும் வழியில் முடக்கத்தான் ஒரு கை, கல்யாண முருங்கை இலை ஒரு கை. மறுநாள் அது தோசையாகவோ அடையாகவோ ஆகும். கணக்கெடுப்பு விதிப்படி இது சும்மா பறித்தது. சில்லறை விலையில் மதிப்பிட வேண்டும். முடக்கத்தானுக்குச் சில்லறை விலை என்ன என்று கீரைக்கார அம்மாவைக் கேட்டதற்கு, “வேலியில கெடக்கே, பறிச்சுக்கயேன் தம்பி” என்றார். இத்தகைய ஒத்துழையாமையால்தான் புள்ளிவிவரங்களில் பிழை புகுகிறது. இந்த நடையின் ஒரே ரொக்கச் செலவு, பாலத்தடியில் போடும் வாழைக்காய் பஜ்ஜி. வீட்டுக் கணக்கு நோட்டில் அது ‘உடற்பயிற்சி: 40 ரூபாய்’ என்று ஏறுகிறது.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பிள்ளைகள் பள்ளியில் பாதி எழுதிவிட்டு வைத்த நோட்டு. முன் பாதியில் ஒளிச்சேர்க்கை, பின் பாதியில் மளிகை. பால் கணக்கு தனி. அது காலண்டரில், வாங்காத நாளுக்கு மட்டும் பெருக்கல் குறி. முருங்கைக்காயையும் ஊறுகாயையும் பசியோலி முறைப்படி பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகப் பிரிக்க ஆய்வாளர் முயன்றார். “அக்கா வீட்டுக்கு ஊறுகாய், பற்று” என்று எழுதிய வரியைத் துணைவியார் பார்த்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார். அதில் கடுகு மடித்தார்.

மேலாய்வுக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் டிரோப்ரியாண்ட் தீவுகளையும் சுற்றியுள்ள தீவுகளையும் இணைக்கும் குலா என்ற பரிமாற்றத்தை மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1922இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். சிவப்புச் சிப்பி மாலைகள் வலமாகவும், வெள்ளைச் சங்கு வளைகள் இடமாகவும் தீவு தீவாகச் சுற்றிவரும். யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. எங்கள் தெருவில் தூக்குகள் பிள்ளையார் கோயிலிலிருந்து வாய்க்கால் பக்கமாகப் போகின்றன. மூடிகள் எதிர்த்திசையில் வருகின்றன. இன்றைய நிலவரப்படி எங்கள் வீட்டில் எந்தத் தூக்குக்கும் அதன் சொந்த மூடி கிடையாது. மூடிகள் மட்டும் அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன, எதுவும் எதிலும் பொருந்துவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவிலுள்ள மூடிகள் அத்தனையையும் கோயில் மண்டபத்தில் பரப்பி, அவரவர் தூக்கோடு வந்து பொருத்தி எடுத்துப்போகும்படி அறிவிக்கலாம் என்று ஆய்வாளர் திட்டமிட்டார்.

“எல்லா மூடியும் அதது தூக்குக்குப் போயிடுச்சுன்னா, நான் எதைக் கேக்கற சாக்குல அக்கா வீட்டுக்குப் போறது?” என்றார் துணைவியார்.

திட்டம் கைவிடப்பட்டது. அதற்கென ஆய்வாளர் கேட்டிருந்த பஜ்ஜிக்கான நிதியும் ரத்து.