ஒட்டிக்கொண்ட சாஸர்

1883 ஆகஸ்டில் அடையாற்றில் ஒரு பீங்கான் சாஸர் கீழே விழுந்து உடைந்தது. நம் வீடுகளில் என்றால் “திருஷ்டி கழிந்தது” என்று சொல்லிப் பெருக்கித் தள்ளியிருப்பார்கள். அந்த வீட்டில் தள்ளவில்லை. ஊட்டியிலிருந்து வந்திருந்த மேஜர் ஜெனரல் மார்கன் பார்த்துக்கொண்டிருக்க, துண்டுகளைப் பொறுக்கித் துணியில் முடிந்து, எந்த அலமாரியிலிருந்து விழுந்ததோ அதற்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. திறந்தால் முழு சாஸர்! ஒட்டின தடம்கூட இல்லை. பக்கத்தில் ஒரு கடுதாசி. எழுதியவர் கூட் ஹூமி என்னும் மகாத்மா. ஜாகை, திபெத்.

திபெத்தில் தவம் செய்கிறவருக்குச் சென்னையில் உடைகிற பாத்திரத்தைப் பற்றி என்ன கவலை என்று ஜெனரல் கேட்டதாகத் தெரியவில்லை. பட்டாளத்தில் மேலிடத்துக் கடிதத்தைக் கேள்வி கேட்கிற பழக்கம் கிடையாது.

அலமாரியின் சொந்தக்காரி பிளாவட்ஸ்கி அம்மையார். ரஷ்யக்காரி, பெரிய இடத்துப் பெண், பெரிய கண்கள், தானே சுருட்டிய சிகரெட்டை ஓயாமல் புகைப்பவர். சாஸர் உடைந்த அன்று ஊரில்கூட இல்லை. அதே ஜெனரலின் விருந்தாளியாக ஊட்டியில் இருந்தார். கூட்டாளி கர்னல் ஆல்காட், அமெரிக்க வக்கீல், மார்பை மறைக்கும் தாடி. லிங்கன் கொலையை விசாரித்த குழுவில் இருந்தவர். அவ்வளவு பெரிய கொலையைத் துப்புத் துலக்கப் போன மனிதர், சொந்த வீட்டு அலமாரியின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்க்கவில்லை.

இருவரும் 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கி, 1879இல் பம்பாயில் இறங்கி, 1882 டிசம்பரில் அடையாறு தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கர் பங்களாவில் குடியேறினார்கள். தி.நகர் அப்போது ஏரி. மயிலாப்பூர் இருந்தது, மயிலாப்பூர் எப்போதும் இருக்கும்.

அந்த மயிலாப்பூரின் சங்கடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் பஞ்சகச்சம், சந்தியாவந்தனம். பத்து மணிக்குக் கோட்டு, தலைப்பாகை, ஹைகோர்ட்டு. கல்லூரியில் மில்லும் ஸ்பென்சரும் படித்தாயிற்று. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று டார்வின் எழுதிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஸ்பென்சர் தொண்டையைக் கனைக்கிறார். எள்ளை விடவும் மனமில்லை, ஸ்பென்சரை விடவும் மனமில்லை. இந்த நேரம் பார்த்து இரண்டு வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்து, “ஐயா, உங்கள் ரிஷிகளுக்கு எல்லாம் தெரியும், எங்கள் விஞ்ஞானம் இப்போதுதான் அந்த வாசற்படியில் நிற்கிறது” என்கிறார்கள். இனிக்காதா?

பாட்டி நாற்பது வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் பாட்டி நியூயார்க்கிலிருந்து வரவில்லையே.

மயிலாப்பூரை மயக்கியது அலமாரி என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. விபூதியும் குங்குமமும் காற்றில் வரவழைக்கும் ஆட்களைப் பார்த்துச் சலித்த ஊர் இது. ஒரு சாஸருக்கா வாய் பிளக்கும்? ஊருக்கு வேண்டியிருந்தது சர்டிபிகேட். கையெழுத்து மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கவேண்டும். திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறதாம், நாசாவே திகைத்ததாம் என்று இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்தப் புளுகுக்கும் பூர்வீகம் இந்த ஆற்றங்கரைதான். சனீஸ்வரனை நம்புவதற்கு நாசா எதற்கு என்று சனீஸ்வரனே கேட்கக்கூடும்.

அலமாரிக்கு வருவோம். ‘ரகசிய அறை’யில், அம்மையாரின் படுக்கையறைச் சுவரை ஒட்டித் தொங்கியது. கேள்வியை எழுதி உள்ளே போட்டால் மகாத்மாவின் பதில் வரும். நம் தபாலாபீஸ் இன்றுவரை எட்டாத வேகம். வீட்டு நிர்வாகம் எம்மா கூலோம் என்ற பெண்மணி. அம்மையாருக்குக் கெய்ரோவில் பழக்கமானவள், அங்கே கடன் கொடுத்தவளும்கூட. புருஷன் அலெக்சிஸுக்குத் தச்சுவேலை தெரியும். ஆன்மிக ஸ்தாபனத்தில் ஆசாரிக்கு என்ன வேலை என்று யாருக்கும் உறைக்கவில்லை.

1884இல் அம்மையாரும் கர்னலும் ஐரோப்பா போயிருந்த சமயம், மே மாதம், கூலோம் தம்பதியைச் சபையார் வெளியேற்றினார்கள். கடன் கொடுத்தவளையும் ஆசாரியையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்வது எந்தச் சாஸ்திரப்படியும் புத்திசாலித்தனம் அல்ல. செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் அம்மையாரின் கடிதங்கள் என்று சில அச்சாயின. மகாத்மாவை எங்கே, எப்போது, எப்படித் தோன்றவைப்பது என்ற யோசனைகள் அதில் இருந்தன. “போலிக் கடிதம்” என்றார் அம்மையார். கல்லூரி அப்போது தாம்பரம் போகவில்லை, பாரிமுனையில்தான் இருந்தது. டிசம்பரில் அம்மையார் கப்பலில் வந்து இறங்கியபோது பச்சையப்பன் மண்டபத்தில் மாலை போட்டு வரவேற்பு மடல் வாசித்தார்கள். வாசித்தவர்கள், அதே கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர்கள்! வாத்தியார் எதை எதிர்க்கிறாரோ அதற்கு ஜே போடுவது மாணவர் தர்மம்.

அம்மையார் கேஸ் போடத் துடித்தார். வக்கீல்களும் நீதிபதிகளும் நிறைந்த கமிட்டி கூடி, வேண்டாம் என்றது. திபெத்திலிருந்து மகாத்மாவைச் சாட்சிக் கூண்டுக்கு எப்படி அழைப்பது, சம்மனை யார் சார்வு செய்வது? (அந்த டிசம்பர் மாநாட்டுக்கு வந்தவர்களில் பதினேழு பேர் மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடிப் பேசியதுதான் காங்கிரஸுக்கு வித்து என்று அன்னி பெசன்ட் பின்னால் எழுதினார். அலமாரி ஆராய்ச்சிக்கு வந்த இடத்தில் சுதந்திரம்! நம்புகிறவர்கள் நம்பலாம்.)

இதற்குள் லண்டன் மனோதத்துவ ஆராய்ச்சிச் சங்கம் ஓர் ஆளை அனுப்பியது. ரிச்சர்ட் ஹாட்ஜ்சன், ஆஸ்திரேலியர், வயது 29. அவர் வந்து சேர்ந்தபோது அலமாரி இல்லை, சாம்பலாகியிருந்தது. நடந்தது இதுதான்: கடிதம் அச்சான பிறகு விசுவாசி ஒருவர் மற்றவர்களைக் கூட்டி, “பாருங்கள், பின்பலகை எவ்வளவு கெட்டி!” என்று கையால் ஒரு தட்டு தட்டினார். பலகை ஜம்மென்று மேலே எழும்பிவிட்டது. அவர் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலமாரியை ராத்திரியோடு ராத்திரியாகக் கொளுத்திவிட்டார்கள். அந்தப் பலகை, அம்மையார் இல்லாத நேரத்தில் பழிவாங்க ஆசாரி செய்த வேலை என்பது சபையின் வாதம். ஹாட்ஜ்சன் விடவில்லை. சாஸரைத் தேடிப் பிராட்வே கடைக்கே போனார். அது ஜோடியாக விற்ற சரக்கு. 1883 ஜூலையில் கூலோம் பெயரில் விற்பனை. உடைந்தது ஒன்று, ஒட்டிக்கொண்டது இன்னொன்று.

1885 டிசம்பரில் அறிக்கை வந்தது. சரித்திரத்திலேயே தேர்ந்த ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்று அம்மையாருக்குப் பட்டம். (நூறு வருஷம் கழித்து, 1986இல், அதே சங்கத்தைச் சேர்ந்த கையெழுத்து நிபுணர் வெர்னன் ஹாரிசன், ஹாட்ஜ்சன் நடுநிலையாக விசாரிக்கவில்லை என்று எழுதினார். அப்பீல் விசாரணைக்கு வர நூறு வருஷம். நம் கோர்ட்டுகளைக் குறை சொல்லாதீர்கள்.) அம்மையார் அறிக்கை வருமுன்பே, அந்த மார்ச்சில், உடம்புக்கு முடியாமல் கப்பலேறிவிட்டார். திரும்பவில்லை.

ஹாட்ஜ்சன் கதைதான் எனக்குப் பிடித்தது. அமெரிக்கா போனார். பாஸ்டனில் பைப்பர் என்ற அம்மாள் மீது ஆவிகள் இறங்கிப் பேசுவதாகச் செய்தி. கெட்டிக்காரத் துப்பறிவாளர் ஆயிற்றே, அவளையும் வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். முடிவில் நம்பிவிட்டார். 1905இல் பந்து விளையாடும்போது மாரடைத்துச் செத்தார். சில நாளில் அந்த அம்மாள் மீதே இறங்கி, “நான்தான் ஹாட்ஜ்சன்” என்று பேச ஆரம்பித்தாராம். தத்துவ மேதை வில்லியம் ஜேம்ஸ் உட்கார்ந்து, ஆவி ஹாட்ஜ்சனைப் பற்றி 1909இல் ஓர் அறிக்கை எழுதினார். அடையாற்று அலமாரியைத் துப்புத் துலக்கிய கை, கடைசியில் பலகைக்குப் பின்னாலிருந்து தட்டியது.

அடையாற்றில் அதற்குள் அடுத்த தலைமுறை. அன்னி பெசன்ட் இங்கிலாந்தில் நாத்திகப் பிரசங்கி, விஞ்ஞானம் படித்தவர். பிளாவட்ஸ்கியின் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதக் கொடுத்தார்கள். மதிப்புரை எழுதிய கையோடு சிஷ்யையாகிவிட்டார். பத்திரிகை ஆசிரியர்கள் மதிப்புரைக்குப் புத்தகம் அனுப்பும்போது ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அவரும், முன்னாள் பாதிரி லெட்பீட்டரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். விஞ்ஞானிக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். எங்களுக்கு ஞானக்கண் போதும் என்று சாய்ந்து உட்கார்ந்து அணுவையே பெரிதாக்கிப் பார்த்தார்கள். 1895இல் முதல் முடிவு: ஹைட்ரஜனுக்குள் 18 ‘அணு’, நைட்ரஜனுக்குள் 261, ஆக்ஸிஜனுக்குள் 290. ‘அணு’ என்ற நம்மூர்ச் சொல்லையே வைத்தார்கள். 18ஆல் வகுத்துப் பாருங்கள். நைட்ரஜன் 14.5, ஆக்ஸிஜன் 16.11. பள்ளிக்கூடப் புத்தகத்தில் 14, 16. கிட்டத்தட்ட சரி! விடை பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் கணக்கை நானும் இப்படித்தான் போடுவேன். 1908இல் புத்தகமாகவே வந்தது. எலெக்ட்ரானையும் அணுக்கருவையும் மட்டும் ஞானக்கண் கவனிக்காமல் விட்டுவிட்டது. அவற்றைக் கண்ணில்லாத கருவிகள் பார்த்துக்கொண்டன. அந்தத் தோட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இன்று ஐ.ஐ.டி. இருக்கிறது. அங்கே இன்னும் ஆய்வுக்கூடம் கட்டித்தான் பார்க்கிறார்கள், பாவம்.

ஜேம்ஸ் அறிக்கை எழுதிய அதே 1909இல் லெட்பீட்டர் அடையாற்றுக் கடற்கரைக்குப் போனார். அங்கே குளித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவனைச் சுற்றி, சுயநலத்தின் பொட்டுக்கூட இல்லாத ஒளி வட்டம். ஓய்வுபெற்ற தாசில்தார் நாராயணய்யாவின் மகன் கிருஷ்ணமூர்த்தி. மதனப்பள்ளியில் பிறந்தவன்; மயிலாப்பூர் பி.எஸ். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் அடி வாங்கித் திரும்புகிறவன். வீட்டுப்பாடத்தில் உதவிய எர்னஸ்ட் உட் அவனை மக்கு என்றே நினைத்திருந்தார். லெட்பீட்டரோ, உலக குரு இவன் உடம்பில்தான் இறங்கப் போகிறார் என்றார்.

இங்கேயும் விஞ்ஞான முறை கைவிடப்படவில்லை. கி.மு. 22,662 முதல் கி.பி. 624 வரை பையனின் 30 ஜன்மங்கள் வருஷவாரியாகக் கணக்கெடுக்கப்பட்டன. யார் அப்பா, யார் மாமியார், யார் எந்த ஜன்மத்தில் எவரைக் கொன்றார் எல்லாம் உண்டு. சபை உறுப்பினர்களுக்கும் வேடங்கள் கிடைத்தன. எந்த ஜன்மத்தில் தனக்கு இடம் இருக்கிறது, இல்லை என்பதில் சபைக்குள் ஒரே பொறாமை. சபா நாடகத்தில் வேஷம் கேட்டுச் சண்டை போட்டவர்களுக்கு இது புரியும்.

அப்பா 1912இல் பையனைத் திருப்பித் தரச் சொல்லிப் பெசன்ட் மீது பிராது கொடுத்தார். லெட்பீட்டரின் நடத்தை பற்றி அவர் சொன்ன புகார் சிரிக்கிற விஷயமல்ல. அதனால் அதை இங்கே தொடவில்லை. பெசன்ட் தனக்குத் தானே வாதாடினார். எதிரில் அப்பாவுக்காக சி.பி. ராமசாமி ஐயர். சென்னையில் தோற்று, 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் பெசன்ட் ஜெயித்தார். கொஞ்ச நாளில் பார்த்தால், ஹோம் ரூல் இயக்கத்தில் பெசன்ட்டுக்கு வலது கை அதே சி.பி.! மயிலாப்பூர் வக்கீலுக்குக் கட்சிக்காரர்தான் மாறுவார், நிரந்தர விரோதி கிடையாது.

உலக குருவுக்காக ஒரு சங்கம், ஹாலந்தில் ஒரு கோட்டை, பல நாடுகளில் பக்தர்கள். 1929 ஆகஸ்ட் 3, ஓமென் முகாமில் பெசன்ட்டும் ஏறக்குறைய மூவாயிரம் பேரும் உட்கார்ந்திருக்க, கிருஷ்ணமூர்த்தி எழுந்து சங்கத்தைக் கலைத்தார். குருவும் வேண்டாம், சிஷ்யனும் வேண்டாம் என்றார். கோட்டையைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்தார். முப்பது ஜன்மம் பின்னோக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு தேதி மட்டும் முன்னால் தெரியவில்லை.

பிறகு அவர் சென்னைக்கு வரும்போதெல்லாம் கிரீன்வேஸ் சாலை வசந்த விகாரில் பேச்சு. ஆற்றுக்கு வடக்கே அவர், தெற்கே சபை. யாரையும் பின்பற்றாதீர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, அதைக் கேட்க மரத்தடியில் முன்வரிசைக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தது மயிலாப்பூர். அவர் மேற்கோள் காட்டாதே என்பார், காபி வேளையில், “கிருஷ்ணாஜி என்ன சொல்றார்னா...” என்று ஆரம்பிக்கும்.

1980இல் ராதா பர்னியர் சபைத் தலைவரானதும், கிருஷ்ணமூர்த்தி நாற்பத்தேழு வருஷம் கழித்துத் தென்கரை வளாகத்துக்குள் கால் வைத்தார். அப்புறம் சென்னையில் இருக்கும்போது சாயங்கால நடை அங்கேதான், வளாகத்தைத் தாண்டி அதே கடற்கரையில். 1986 ஜனவரியில், ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பும் கடைசியாக அங்கே நடந்தார். வயது 90. தலையைச் சுற்றி என்ன நிறத்தில் ஒளி இருந்தது என்று பார்த்துச் சொல்லத்தான் அன்றைக்கு ஆள் இல்லை.