பிளாங்க் விடும் பெருமக்கள்

எழுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னார் வீடு எங்கே என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். எந்தப் பதில் வந்தாலும் "தெரியாது" என்ற பதில் மட்டும் வராது. கேட்கப்பட்டவருக்கு அந்த இன்னாரை முன்பின் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. டீ கிளாஸைக் கீழே வைக்காமலே, "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்பார். பக்கத்தில் நிற்பவர், "இல்லண்ணே, பீச்சாங்கைப் பக்கமுல்ல" என்று திருத்துவார். இரண்டு பேருமே அந்த வீட்டைப் பார்த்ததில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. தெரியாது என்று சொல்லி அனுப்புவது அதைவிடப் பெரிய குறைவு. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவர், தினமும் காலையில் உட்கார்ந்து, "எனக்குப் புரியவில்லை" என்று எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்குகிறார் என்றால் அவரை ஊர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர்தான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட். அவருடைய காதையும் விரல் வேகத்தையும் பலர் புகழ்கிறார்கள். அவருடைய உண்மையான தேர்ச்சி எழுதாமல் விடுவதில்தான் இருக்கிறது.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், நோய் என்ன, மருந்து என்ன, அறுவை எப்படி நடந்தது என்பதையெல்லாம் வாயால் பேசிப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போவார். அங்கே பொழுது சாயும்போது இங்கே விடியும். அந்தப் பேச்சு இவருடைய கணினிக்கு வந்து சேரும். இவர் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். காலடியில் ஒரு பெடல்: மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், ஓரத்தை மிதித்தால் பின்னால் போகும். சாதாரண ஃபைல் என்றால் 24 மணி நேரம், அவசரம் என்றால் சில மணி நேரம் கெடு. கூலி வரிக்கணக்கு, இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், விலங்கியலும் தாவரவியலும் படித்துவிட்டு என்ன செய்வது என்று விழித்த பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாக இதில் சேர்ந்தார்கள். நகரத்து ஆபீசில் தொடங்கிய சிலர் கல்யாணத்துக்குப் பிறகு சொந்த ஊரிலோ புகுந்த ஊரிலோ வீட்டிலிருந்தே செய்கிறார்கள். தொழில் வட்டாரத்தில் இவரைச் சுருக்கமாக எம்.டி. என்பார்கள். ஊருக்குள் அது டாக்டர் பட்டமாகவே போய்ச் சேரும். எதிர்வீட்டுப் பெரியம்மா ஸ்கேன் கவரோடு வாசலில் வந்து நிற்பார். ஒஹையோ மாகாணத்துக் கிழவர் ஒருவரின் இடது முழங்கால் நிலவரத்தை விரல்நுனியில் வைத்திருக்கும் இவர், பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி, "டாக்டர்ட்டயே கேளுங்க பெரியம்மா" என்பார். பெரியம்மாவின் கணக்கில் அது திமிர். உண்மையில் அது தொழில் பழக்கம்.

டாக்டர் பேசியதைத்தானே எழுதுகிறார், இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் டாக்டர்கள் பேசிக் கேட்டதில்லை. கார் ஓட்டிக்கொண்டே பேசுவார்கள். சாண்ட்விச்சை மென்றுகொண்டே பேசுவார்கள். ஸ்மித் என்ற பெயரை எஸ், எம், ஐ என்று எழுத்தெழுத்தாக ஓதிவிட்டு, பதினான்கு எழுத்து மருந்தைக் கொட்டாவியோடு சேர்த்து விழுங்குவார்கள். நம்மூரிலிருந்து போன டாக்டர் என்றால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஆந்திரத்து ஆங்கிலம் டெக்சாஸில் இருபது வருஷம் ஊறினால் அது இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது பாஷை. டாக்டர் தெளிவாகப் பேசினாலும் ஆபத்து தீராது. ஈலியம் என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஈலியம் என்றால் இடுப்பெலும்பும்தான். ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்து மாறும், காதுக்கு இரண்டும் ஒன்று. ரத்த அழுத்தம் ஏறியதா இறங்கியதா என்பது ஹைப்பர், ஹைப்போ என்ற முன்னொட்டில் நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த 'பிலோ-நீ' அறுவையைப் 'பலோனி' என்ற இறைச்சிப் பண்டத்தை அறுத்ததாகத் தட்டிய கதை இத்துறையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பழைய ஜோக். மருந்துக் கம்பெனிகளே இந்தக் கஷ்டத்தை ஒப்புக்கொண்டிருக்கின்றன. லோசெக் என்ற வயிற்று மருந்து, நீர் பிரிய வைக்கும் லேசிக்ஸோடு குழம்பிப் போனதால் 1990-இல் அமெரிக்காவில் பிரிலோசெக் என்று பெயர் மாறியது. பிரின்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்து, பிரிலின்டா என்ற இதய மருந்தோடு குழம்பியதால் 2016-இல் டிரின்டெலிக்ஸ் ஆனது. கோடிக்கணக்கில் செலவழித்து வைத்த பெயரையே மாற்ற வேண்டி வந்தது என்றால், காதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இனி இவர் உதவி கேட்கும் அழகைப் பார்க்க வேண்டும். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. முதலில் வேகத்தைக் குறைத்துக் கேட்பார், கூட்டிக் கேட்பார், கண்ணை மூடிக் கேட்பார். அதே டாக்டரின் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டுவார். அப்புறம் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி, "அக்கா, இதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்று ஹெட்போனை நீட்டுவார். தனக்கு என்ன கேட்டது என்பதை மட்டும் மூச்சு விடமாட்டார். சொன்னால் அக்காவுக்கும் அதுவே கேட்கும். அது மனித இயல்பு. அக்காவும் ஒருமுறை கேட்டு, முகத்தில் எதையும் காட்டாமல், "முன்னாடி அஞ்சு செகண்ட் போ" என்பார். 'செலி' என்று தொடங்கி என்னவோ சொல்கிறார் டாக்டர். செலிபிரெக்ஸ் மூட்டு வலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்குப் போடும் ஊசி. மூன்றும் 1996-க்கும் 1999-க்கும் இடையில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த உடன்பிறவாச் சகோதரர்கள். வாய்வழி மருந்து என்கிறார், ஆகவே ஊசி இல்லை. மீதி இரண்டு. 200 மில்லிகிராம் என்றால் செலிபிரெக்ஸ், 20 என்றால் செலெக்ஸா. அளவு சொன்ன இடத்தில் டாக்டர் இருமுகிறார். சரி, நோயாளிக்கு என்ன வியாதி என்று மேலே போய்ப் பார்த்தால், பாவம், மூட்டு வலியும் இருக்கிறது, மனச்சோர்வும் இருக்கிறது. எடிட்டர் அண்ணன் வந்து மூன்றாவது காதைக் கொடுக்கிறார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "பிளாங்க் விட்ரும்மா." அடிக்கோடு விழுகிறது. பக்கத்தில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்ற குறிப்பும் விழுகிறது. கால் மணி நேரம் மூன்று பேர் உழைத்து எழுதியது ஒரு வெற்றுக்கோடு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். வரிக்குத்தானே கூலி, அந்தக் கால் மணி நேரத்தில் இருபது முப்பது வரி அடித்திருக்கலாமே; பிளாங்க் விட்டால் தரக்கணக்கிலும் மார்க் குறையுமே; பிறகு யார்தான் விடுவார்கள்? விடாதவர்கள் இருக்கிறார்கள். அடித்து விடுகிறவர் என்று ஒரு கிளை இனமே உண்டு. அவருக்குக் கேட்காத சொல்லே கிடையாது. மற்றவர்கள் திணறும் டாக்டரை அவர் ஒரே மூச்சில் முடிப்பார்; மாதக் கடைசியில் வரிக்கணக்கில் அவர்தான் முதல். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கொஞ்ச நாளைக்கு அவரைத்தான் குருவாக நினைப்பார்கள். பிறகு அவருடைய ஃபைல் ஒன்றைச் சரிபார்க்கும் வேலை வரும்; ஆண் நோயாளிக்குக் கருப்பை அழகாகச் சுருங்கி விரிவதைப் படிப்பார்கள். கூலி முறை தவறான பக்கம் தள்ளுகிறது என்பது உண்மைதான். பிளாங்குக்கு வெட்டு, பிழைக்கு அதைவிடப் பெரிய வெட்டு. ஆனால் பிளாங்க் கட்டாயம் கண்ணில் படும், பிழை கண்டுபிடிக்கப்பட்டால்தான் உண்டு. அந்தக் கணக்குத் தெரிந்தும் கோடு போடுகிறவரைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும்.

கண்டுபிடிக்கப்படாத பிழை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. 2008-இல் ஒரு பெண் நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு பராமரிப்பு இடத்துக்கு மாற்றப்பட்டார். அவருக்கான இன்சுலின் அளவு 8 யூனிட். இந்தியாவில் தட்டச்சான குறிப்பில் அது 80 என்று இருந்தது. போட்டார்கள், அந்த அம்மாள் பிழைக்கவில்லை. 2012 டிசம்பரில் ஜூரி விதித்த இழப்பீடு 14 கோடி டாலர். சிரிக்க எடுத்த விஷயத்தில் இது வந்து நிற்பது சங்கடம்தான், ஆனால் இதைத் தாண்டிப் போக முடியாது. அந்த இடத்தில் ஒரு கோடு இருந்திருந்தால் பார்த்த நர்ஸ் போனை எடுத்திருப்பார். 80 என்று தெளிவாக அச்சாகியிருக்கும்போது யார் போனை எடுப்பார்கள்? கையெழுத்தில் 8-க்குப் பின்னால் யூனிட்டைக் குறிக்க 'யூ' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால் அது சைபராகத் தெரியும் என்று, 2004-லேயே அந்தச் சுருக்கத்தை அங்கே விலக்கியிருந்தார்கள். எழுதுகிறவர் கைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பேசுகிறவர் வாய்க்கு, பதினைந்தைச் சொல்லும்போது 'ஒன்று, ஐந்து' என்று பிரித்துச் சொல்லுங்கள் என்ற புத்திமதி மட்டும் வந்தது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை இந்த அக்காமார்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

எங்கள் மெடிக்கல் கடை அண்ணன் எந்த டாக்டர் கிறுக்கலையும் ஒரு நொடியில் படித்துவிடுவார், அவர் என்ன பிளாங்கா விடுகிறார் என்று ஊர்ப்பெருமை பேசுபவர்கள் கேட்கலாம். அந்த அண்ணனின் திறமைக்கு வணக்கம். ஆனால் அவர் சீட்டை மட்டும் படிப்பதில்லை. சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே, "எதுக்குத்தா ஆசுபத்திரிக்குப் போன?" என்பார். "ஒரு வாரமா வயித்தெரிச்சல்ணே" என்று பதில் வந்ததும் எழுத்து தானாகத் தெளியும். அந்த டாக்டர் எழுதும் மருந்துகள் எல்லாம் ஒரே அலமாரியில் அடங்கும் என்பது இன்னொரு சௌகரியம். போதாததற்கு, மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படியாக, முடிந்தால் பெரிய எழுத்தில், எழுத வேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலே விதி திருத்திவிட்டது. நம்மவருக்கு இந்தச் சௌகரியம் எதுவும் கிடையாது. நோயாளி பூமியின் அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் பெயரை வெளியில் உச்சரிக்கவும் கூடாது; 1996-இல் வந்த அமெரிக்கச் சட்டம் நோயாளியின் விவரத்தைக் காக்கச் சொல்கிறது. ஆகவே வெளியில் யாரிடமாவது கேட்பதென்றால், பெயரையும் தேதியையும் உரித்துவிட்டு, 'செலி போலக் கேட்கிறது, தினம் ஒன்று' என்று வெறும் ஓசையை மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கடைசி ஆட்சேபம்தான் இப்போது பலமானது: இதெல்லாம் பழைய கதை, இப்போது மெஷினே கேட்டு எழுதிவிடுகிறது. எழுதுகிறதுதான். தட்டச்சு செய்தவர்கள் பலர் இன்று மெஷின் எழுதியதைத் திருத்துகிறவர்களாக, குறைந்த வரிக்கூலிக்கு, மாறியிருக்கிறார்கள். சுத்தமான ஒலியில் அது மனிதரைவிட வேகம் என்பதை மறுப்பதற்கில்லை. அதன் குணம் மட்டும் எழுமலைக் குணம். கேட்டால் எதையாவது சொல்லியே தீரும். விஸ்பர் என்ற புகழ்பெற்ற மென்பொருளை, கார்னெல் பல்கலைக்கழகத்தவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதித்து 2024-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பதிவில் யாருமே பேசாத முழுச் சொற்றொடர்களை அது தானாகவே எழுதியிருந்தது. பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் இருந்த பதிவுகளில் இது கூடுதல். மனிதர் இருமலைக் கேட்டால் இருமல் என்பார். மெஷின் இருமலையும் ஒரு மாத்திரையாக்கி, பார்க்கச் சுத்தமான இலக்கணத்தில் தரும். அதனால் திருத்துகிறவர் வேலை முன்னைவிடச் சிக்கலாகியிருக்கிறது. முன்பு தனக்குப் புரியாத இடம் எது என்று அவருக்குத் தெரியும். இப்போது மெஷினுக்குப் புரியாத இடம் எது என்று அவர் மோப்பம் பிடிக்க வேண்டும். அது கோடு போட்டுக் காட்டாது. "இந்த வாக்கியம் ரொம்ப அழகா இருக்கே, நம்ம டாக்டர் இப்படிப் பேசமாட்டாரே" என்பதுதான் அவருடைய முதல் சந்தேகம். பிறகு பழையபடி அக்கா, பழையபடி ஹெட்போன்.

அந்தக் கோடு கடைசியில் டாக்டரிடம்தான் திரும்பிப் போகிறது. தன் குரலைத் தானே கேட்டு அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் அவர். மனசாட்சியுள்ள டாக்டர் கேட்பார். சில சமயம் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்காமல், நோயாளியின் சீட்டை எடுத்துப் பார்த்து நிரப்புவார். அவசரக்காரர் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுவார். அதற்கும் நேரமில்லாதவர்களுக்காக அமெரிக்காவில் ஒரு வசதி இருக்கிறது: 'வாயால் சொல்லப்பட்டது, படித்துப் பார்க்கப்படவில்லை' என்று கடிதத்தின் அடியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. அதையும் எழுமலையில் உட்கார்ந்திருப்பவர்தான் தட்டச்சு செய்கிறார். அந்த ஒரு வரியை மட்டும் எந்த டாக்டரும் விழுங்குவதில்லை. நிறுத்தி, நிதானமாக, முற்றுப்புள்ளி வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்கள்.