பொருள்: டயர் ரோட்டைத் தொட்டது தொடர்பாக

பெறுநர்: உத்தரவாதக் கோரிக்கைப் பிரிவு மேலாளர் அவர்கள், டயர் கம்பெனி. (கம்பெனிப் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். டயரின் பக்கவாட்டில் அது பெரிய எழுத்தில் அப்படியே இருக்கிறது. தேயாத இடம் அது ஒன்றுதான்.)

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பதில் கிடைத்தது. என் டிராக்டரின் பின் டயர் இரண்டும் மொட்டையானதற்கு உற்பத்திக் குறைபாடு காரணமல்ல, 'வேளாண் டயரைச் சாலையில் பயன்படுத்தியதே' காரணம் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். வீட்டிலிருந்து வயலுக்குப் பறந்து போகும் மாடல் கள்ளக்குறிச்சிப் பக்கம் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. வந்ததும் முதல் ஆளாக முன்பணம் கட்டிவிடுகிறேன். அதுவரைக்கும் தார் ரோட்டில் ஏறித்தான் கொல்லைக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

சட்டம் படித்த என் தங்கை மகனிடம் கடிதத்தைக் காட்டினேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ஐ எடுத்துப் படித்தான். வயல்வேலைக்கான கருவிகளோடும், வேளாண் பொருட்களை ஏற்றிப்போகும் டிரெய்லரோடும் வேலை செய்ய வடிவமைத்த நாலு சக்கர வண்டிதான் வேளாண் டிராக்டராம். அதே மூச்சில், இது போக்குவரத்து வாகனம் அல்ல என்றும் சொல்கிறதாம். போக்குவரத்து வாகனம் அல்லாத ஒன்று பொருளை ஏற்றிப்போகலாம் என்று சர்க்காருக்கே புரிந்திருக்கிறது. டிரெய்லர் வரப்பில் ஓடாது என்பதும் புரிந்திருக்கும். பொங்கலுக்கு நீங்கள் கொடுத்த காலண்டரிலும் ஜனவரிப் படத்தில் டிராக்டர் கரும்பு லோடோடு தார் ரோட்டில்தான் நிற்கிறது. டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன் எல்லாம் பளபளவென்று புதுசு. படம் பிடித்த கையோடு வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருப்பார்கள் போலிருக்கிறது.

உழவு பட்டம் பார்த்துத்தான் வரும், ஐயா. ஆடியில் கொஞ்சம், மழை விழுந்தால் புரட்டாசியில் கொஞ்சம், அறுப்பு முடிந்தால் மறுபடி கொஞ்சம். ஃபைனான்ஸ்காரர் தவணைக்குப் பட்டம் கிடையாது. நடுவில் காலியாக நிற்கும் மாதங்களில் கரும்பு, எரு, வைக்கோல் என்று எது கிடைத்தாலும் இழுக்க வேண்டும். (மணல் என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை.) வெட்டின கரும்பை ஒரு நாளைக்குள் ஆலை அரவைக்கு எடுத்தால்தான் சர்க்கரை குறையாது என்பதால் எங்களுக்கு ராத்திரி பகல் பார்க்க முடிவதில்லை. ரோட்டில் டிராக்டரின் வேகத்தைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவர்கள், அந்த வேகத்திலேயே டயர் எவ்வளவு கரைகிறது என்று பின்னால் வந்து பார்த்தால் தேவலை.

உங்கள் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். மோர் குடித்தார். பட்டன் உயரத்தை அளக்கும் கருவியை வைத்தார். அளக்க அங்கே ஒன்றுமில்லாததால் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பாடம் எடுத்தார். வயலில் டயர் உருண்டால் மண் பட்டன்களுக்கு நடுவில் புகுந்து பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறது. தார் ரோட்டில் மொத்தப் பாரமும் பட்டன் நுனியில் நிற்கிறது. ஒவ்வொரு பட்டனும் தரையைத் தொடும்போது வளைந்து, விடும்போது நிமிர்கிறது. அந்த வளைவிலும் நிமிர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக, அழிரப்பர் மாதிரி, தன்னையே ரோட்டில் தேய்த்துவிட்டுப் போகிறது. சித்திரை வெயிலில் தார் கொதிக்கும்போது இன்னும் வேகமாக. பட்டன் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆட்டம், அவ்வளவு தேய்மானம்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். சேற்றுக்கும் கரும்புக் கொல்லைக்கும் ஏற்ற ஆர்-2 ரகத்தில் பட்டன் சாதாரண ஆர்-1 டயரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம். 'உயரம் ஜாஸ்தி, ரொம்ப நாள் உழைக்கும்' என்று சொல்லித்தான் உங்கள் டீலர் அதை என் தலையில் கட்டினார். உயரம் ஜாஸ்தியானால் ரோட்டில் சீக்கிரம் தேயும் என்று உங்கள் இன்ஸ்பெக்டர் சொல்கிறார். இருவருக்கும் சம்பளம் ஒரே கம்பெனியில்தானா, அல்லது ஒருவர் விற்பதற்கும் ஒருவர் விளக்குவதற்குமா?

போகிற போக்கில் இன்ஸ்பெக்டர் தந்த ஆலோசனைகளுக்கு நன்றி. வயலில் பின் டயருக்கு 12-லிருந்து 14 பவுண்டு காற்று போதும். லோடு ஏற்றி ரோட்டில் போக அதைவிடக் கூட்ட வேண்டும். குறைந்த காற்றில் ரோட்டில் ஓடினால் டயரின் பக்கம் அமுங்கிச் சூடேறும். கூடுதல் காற்றில் உழுதால் சக்கரம் வழுக்கும், மண்ணும் இறுகும். எல்லாம் சரி. காற்றடிக்கும் கடை மெயின் ரோட்டில் இருக்கிறது. அதாவது வயலுக்கான காற்றோடு ரோட்டில் போய், ரோட்டுக்கான காற்றைப் பிடிக்க வேண்டும்.

தண்ணீர் சமாசாரமும் அப்படியே. பிடிமானத்துக்காகப் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் அடிக்கிறோம். டயருக்கு 150 லிட்டருக்குக் குறையாது. உழவுக்கு அந்தக் கனம் வேண்டும், ரோட்டில் அதே கனம் ரப்பரை அரைக்கும், ஆகவே இறக்கிவிட்டுப் போகச் சொன்னார். தண்ணீரை இறக்கி, காற்றை ஏற்றி, திரும்பி வந்து காற்றை இறக்கி, தண்ணீரை ஏற்றி முடிப்பதற்குள் கொல்லையில் கரும்பு காய்ந்து விறகாகிவிடும். அதையும் இழுக்க டிராக்டர்தான் வேண்டும்.

பக்கத்துக் கொல்லைக்காரர் நாலு சக்கர டிரைவ் வண்டி வாங்கியிருக்கிறார். அதில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்படி பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கலில் கரைந்துவிடும். ரோட்டில் லீவரை எடுக்காமல் ஓட்டினால் வழுக்க இடமில்லாமல் முன் டயர் இழுபட்டே தேயும். அவர் வீட்டில் பையன்கள்தான் ஓட்டுகிறார்கள். முன் டயர்களுக்கான கடிதம் தங்களுக்கு விரைவில் வரும்.

இன்னொன்று. உங்கள் இன்ஸ்பெக்டர் ஹவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, 'வண்டி நிறைய மணி ஓடியிருக்கிறது' என்று படிவத்தில் எழுதினார். அந்த மீட்டர் மணியைத்தான் எண்ணும், மைலை எண்ணாது. அதில் ஒரு பெரும்பகுதி ஆலை வாசலில் வரிசையில் கிடந்த நேரம். முன் வண்டி ஒரு முழம் நகர்ந்தால் நாமும் நகர இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க வேண்டும். என் டயர் வாழ்க்கையில் தேயாமல் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான். அதையும் உழைப்புக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

ரோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாளடி சேற்றில் உழுதுவிட்டு இரும்புக் கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடு கெடுகிறது என்று நடவடிக்கை எடுப்பார்கள். நியாயம். ரப்பர் டயரோடு ஏறினால் டயர் கெடுகிறது என்று நீங்கள் கைவிரிக்கிறீர்கள். ஒன்றில் ரோட்டுக்குச் சேதம், ஒன்றில் டயருக்குச் சேதம், இரண்டுக்கும் பில் என் பேரில். அதே ரோட்டில் ஒட்டுப்போட ஜல்லியைக் கொட்டிவிட்டு ரோலருக்குக் காத்திருக்கும்போது, எதிரே பஸ் வந்தால் ஒதுங்குவது யார்? எங்கள் இடது டயர்தான். உடைத்த ஜல்லியின் முனை பட்டனைக் கடித்து எடுத்த இடங்களை இன்ஸ்பெக்டர் 'வெட்டுக் காயம், உத்தரவாதத்தில் இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. என்னுடையது அதற்கு முந்தியே வாங்கின ஜோடி, ஆகவே முழு வரி கட்டித் தேய்ந்த பெருமை அதற்கு உண்டு.

கோரிக்கை ஒன்றுதான். வயலில் எப்படி, ரோட்டில் எப்படி, பாதிக்குப் பாதி ஓட்டினால் எப்படித் தேயும் என்று உங்கள் சோதனைக்கூடத்தில் கட்டாயம் கணக்கு இருக்கும். அதை நாங்கள் பணம் கட்டுவதற்கு முன் டீலர் சுவரில் ஒட்டுங்கள். கட்டின பிறகு இன்ஸ்பெக்டர் வாயால் சொல்ல வேண்டாம்; மோர் செலவும் மிச்சம். ரோட்டு வேலைக்கென்றே பட்டன் குட்டையான ரகம் உண்டு என்பதும், அதைப் போட்டால் சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றும் என்பதும் அந்தச் சுவரிலேயே இருக்கட்டும். எந்த நஷ்டம் வேண்டும் என்று நாங்களே பார்த்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
போக்குவரத்து அல்லாத வாகனத்தின் உரிமையாளர்

நகல்: எங்கள் ஊர் தார் ரோடு (தகவலுக்காகவும், தேய்ந்த ரப்பரைத் திருப்பித் தருவதற்காகவும்).

பி.கு.: பழைய ஜோடியை ரீட்ரேடு கடையில் போட்டிருக்கிறேன். பட்டன் போனாலும் உள்ளே நைலான் கட்டு கெட்டியாக இருக்கிறது என்று கடைக்காரர் உங்களைப் பாராட்டினார். பட்டனை மாற்றாமல் இதே மாதிரி தொடர்ந்து தயாரிக்கும்படி கேட்டுக்கொண்டார். வருஷா வருஷம் மார்கழியில் கரும்பு வெட்டச் சொல்லி ஆலையின் கட்டிங் ஆர்டர் வந்தால் தன் கடையில் டயர் வைக்க இடமில்லையாம்.