பகா எண் வேடமிட்ட 4294967297

கேள்வி: பார்த்தால் கைப்பேசி எண்போல இருக்கிறதே, இந்த 4294967297-க்கு அப்படி என்ன பெருமை?

பதில்: 2-இன் 32ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வருவது இது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் 1-ஐக் கூட்டினால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள், அதாவது 1-ஆலும் தம்மாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. ஆகவே, அடுத்து வரும் இதுவும் இதற்கு அப்பால் வருபவையும் அவ்வாறே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா 1640இல் நம்பினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. இவ்வரிசையில் வருபவையே பெர்மா எண்கள்.

கேள்வி: அந்த வேடத்தைக் கலைத்தவர் யார்?

பதில்: கணித அறிஞர் ஆய்லர். 1729இல் மற்றொரு கணித அறிஞரான கோல்ட்பாக் எழுதிய கடிதம் இக்கேள்வியை அவரிடம் கொண்டுவந்தது. 1732இல், 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் இதே எண் வருகிறது என்று அவர் காட்டினார்.

கேள்வி: 641 என்பது 116ஆவது பகா எண். அவர் 116 முறையா வகுத்துப் பார்த்தார்?

பதில்: ஐந்தே முறை போதும் என்பதுதான் இதில் வியக்கத்தக்கது. ஒரு பகா எண் 4294967297-ஐ மீதியின்றி வகுக்குமானால், அதனால் 2-இன் 32ஆம் அடுக்கை வகுக்கும்போது மீதியின்றி வகுபட 1 குறைகிறது. எனவே 64ஆம் அடுக்கை வகுத்தால் மீதி 1 வந்து, 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் 64 படிகளுக்கு ஒருமுறை திரும்பிவரும் சுழற்சியாகின்றன. இத்தகைய சுழற்சியின் நீளம், வகுக்கும் பகா எண்ணில் 1-ஐக் கழித்துப் பெறும் எண்ணை மீதியின்றி வகுக்கும் என்பது பெர்மாவே 1640இல் அறிவித்த தேற்றத்திலிருந்து கிடைப்பது. எனவே 64-இன் மடங்கோடு 1 சேர்ந்த பகா எண்களான 193, 257, 449, 577, 641 என்ற வரிசையைச் சோதித்தாலே விடை வந்துவிடும். பூட்டும் சாவியும் ஒரே கையில் இருந்தும் பெர்மா திறக்காமல் போனது கணித வரலாற்றின் பெரும் வியப்புகளுள் ஒன்று.

கேள்வி: நெடுவகுத்தல் செய்யாமல் சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, அழகான வழி. 641 என்பது 5-ஐ 128-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டியது. அதுவே 625-உம் 16-உம் சேர்ந்ததும் ஆகும். முதல் வடிவின்படி, 5-ஐ 2-இன் 7ஆம் அடுக்கால் பெருக்கிய 640-ஐ 641-ஆல் வகுக்கும்போது –1 மீதி எனக் கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625-ஐ 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியதன் மீதி 1 ஆகும். இரண்டாம் வடிவின்படி 625-க்கு ஈடாக –16-ஐ வைத்தால், 2-இன் 32ஆம் அடுக்கின் மீதி –1. அதனோடு 1 சேர்ந்தால் மீதியே இல்லை.

கேள்வி: வகுக்கும் எண்ணைக் காட்டாமலே ஓர் எண்ணைப் பகு எண் என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். பெர்மா எண்களுக்காக 1877இல் கணித அறிஞர் பெப்பின் தந்த சோதனையில், 3-ஐ உரிய அடுக்குக்கு உயர்த்தி மீதியைப் பார்ப்பதே தீர்ப்பு. அவ்வழியில், அடுக்கு 1048576 ஆகவுள்ள, 315653 இலக்கங்கள் கொண்ட பெர்மா எண் பகு எண்ணென உறுதியாகிவிட்டது. ஆயினும் அதை வகுக்கும் ஒரு பகா எண்கூட இன்னும் அகப்படவில்லை.