பிழைக்கத் தெரியாத எம்.எல்.ஏ.

எம்.எல்.ஏ. ஆகப்போகும் தம்பிமார்களே, எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு மதுரையில் ஒரு பாடம் உண்டு. பெயர் நன்மாறன், மார்க்சிஸ்ட் கட்சி. 2001-லும் 2006-லும் மதுரை கிழக்கில் ஜெயித்தவர். முதல் தடவை அ.தி.மு.க. கூட்டணி, அடுத்த தடவை தி.மு.க. கூட்டணி. இரண்டு பந்தியிலும் உட்கார்ந்துவிட்டு இலையில் ஒன்றும் விழாமல் எழுந்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, அது தருகிற படியில் குடும்பம் நடத்த வேண்டும் என்பது அந்தக் கட்சியின் வழக்கம். சரி, மேல் வரும்படிக்காவது வழி பார்த்தாரா? அவர் பதவியில் இருந்தபோதுதான், 2009 இடைத்தேர்தலில், பக்கத்துத் திருமங்கலம் ஓட்டுக்குத் துட்டு கொடுப்பதில் நாட்டுக்கே ஃபார்முலா எழுதித் தந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்தும் மனுஷன் கற்றுக்கொள்ளவில்லை. மேடையில் ஊரைச் சிரிக்க வைத்து 'மேடைக் கலைவாணர்' என்று பேர் வாங்கினார். பேரை வைத்துப் பட்டா வாங்க முடியுமா?

பத்து வருஷப் பதவி முடிந்தும் வாடகை வீடு, ஷேர் ஆட்டோ. கடைசியில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய், ஏழைகளுக்கான அரசு வீட்டில் தமக்கும் ஒன்று ஒதுக்கும்படி மனு கொடுத்தார். முன்னாள் எம்.எல்.ஏ. கையில் மனு! நம் ஊரில் அந்தக் கை மனு வாங்கித்தான் பழக்கம்.

2021 அக்டோபர் 28-ல் இறந்தார். அதுவும் அரசு ராஜாஜி மருத்துவமனையில்.